குழப்படி இல்லாத பிள்ளை

பிரெஞ்சு பேசுகிற இந்தக் குளிர் நகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில், வீட்டுப் படிக்கட்டை வீட்டுக்குள்ளே வைக்கமாட்டார்கள். வெளியே, பனி கொட்டுகிற இடத்தில், இரும்பால் செய்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒரு ஆள் ஏறினால் தெரு முடக்குவரை கேட்கும். இரண்டாம் மாடியில் குடியிருந்த யோகராணிக்கு இந்த நாட்டில் மற்ற எல்லாம் பழகிவிட்டன. அந்தப் படியின் சத்தம் மட்டும் பழகவில்லை. யாராவது ஏறுகிற ஓசை கேட்டால், தைத்துக்கொண்டிருக்கும் துணியை அப்படியே விட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்து, வாயில் விரலை வைத்தபடி நிற்பாள்.

உள்ளே புருஷன் நகுலேஸ்வரன் நித்திரை.

பேகல் என்கிற வளைய ரொட்டி சுடுகிற கடையொன்றில் அவனுக்கு இரவு வேலை. மாவை வளையமாக உருட்டி, தேன் விட்ட கொதிதண்ணீரில் அவித்து, எள்ளில் புரட்டி, நீளப் பலகையில் அடுக்கி விறகு அடுப்புக்குள் தள்ளவேண்டும். காலையில் வீட்டுக்கு வரும்போது அவன் உடம்பில் புகையும் எள்ளும் மணக்கும். கையில் ஒரு காகிதப் பை நிறைய மிஞ்சிய பேகல். யோகராணி அதைப் பிளந்து, இடித்த சம்பலை நடுவில் வைத்துக் கொடுப்பாள். தின்றுவிட்டுப் படுத்தானென்றால் பின்னேரம்வரை எழும்பமாட்டான். எழும்பவும் கூடாது.

அவனுடைய நித்திரை விசித்திரமான நித்திரை. பக்கத்து அறையில் யோகராணி சட்டைக் கொலர் தைக்கிற மிஷின் பகல் முழுவதும் தடதடவென்று ஓடும். ஜன்னலுக்குக் கீழே பனி வழிக்கிற வண்டி உறுமிக்கொண்டு போகும். எதற்கும் அசையமாட்டான். ஆனால் ஒரு மனிதக் குரல் எழுந்தால் போதும், துள்ளியெழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பான். "ஆர்? ஆர் வந்தது?" என்பான். ஊரில் ஒரு விடியற்காலை வளவுக்குள் இப்படிக் குரல்கள் கேட்ட பிறகுதான் அவனுடைய தமையனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்படி எழும்பினால் அன்றைக்கு மறுபடி நித்திரை வராது. நித்திரை இல்லாமல் போய் அடுப்பு வாயில் நின்று முழங்கையைச் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அந்தத் தழும்பு இன்னும் பளபளவென்று இருக்கிறது.

மகள் ஆர்த்திகா இந்த வீட்டில்தான் பிறந்தாள். நடக்கப் பழகுவதற்கு முன்பே பூனைநடை பழகிவிட்டாள். பசித்தால் தாயின் சட்டைத் தொங்கலைப் பிடித்து இழுப்பாள். தண்ணீர் வேண்டுமென்றால் குழாயைக் காட்டுவாள். இரும்புப் படியில் ஏறும்போது சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தைப்பதற்குக் கொலர்க் கட்டுகளைக் கொண்டுவருகிற ஞானாம்பிகைக்கு இந்தப் பிள்ளையைக் கண்டால் பொறாமை.

"எடி ராணி, உன்ர பிள்ளை தங்கமடி" என்பாள், குசுகுசுத்த குரலில். "என்ர இரண்டும் கதைச்சுக் கதைச்சு என்ர காதைத் திண்டு போட்டுதுகள். உவள் இருக்கிற இடமே தெரியேல்லை. என்னத்தைக் குடுத்தடி வளக்கிறாய்?"

"பேகல்தான் அக்கா."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

கோயிலில், பிறந்தநாள் வீடுகளில், எங்கே போனாலும் இதே பேச்சுத்தான். மற்றப் பிள்ளைகள் கதிரைகளை இழுத்துப்போட்டுக் கூத்தடிக்க, ஆர்த்திகா தாயின் மடியோரம் கைகட்டி இருப்பாள். "குழப்படி இல்லாத பிள்ளை" என்று சனம் சொல்லும்போது யோகராணிக்கு உடம்பெல்லாம் குளிரும். இந்தத் தேசத்தில் அவளுக்கென்று யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்வது அந்த ஒன்றுக்குத்தான்.

படிப்பு விஷயத்திலும் அவள் குறைவைக்கவில்லை. பிள்ளை பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போகப் போகிறாள், வெறுங்கையோடு போகக்கூடாது என்று, மூன்று வயது முடியமுதலே பென்சிலைக் கொடுத்தாள். மிஷின் மேசைக்குக் கீழே ஒரு தலையணை, அதன்மேல் பிள்ளை, மடியில் கொப்பி. கடைகளிலிருந்து வருகிற விளம்பரத் தாள்களைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் பிரதிபண்ணுவாள். மேலே கொலர் ஓடும். கீழே பென்சில் ஓடும். பிழை விட்டால் யோகராணி பேசமாட்டாள், காலால் மெல்லத் தட்டுவாள். பிள்ளை அழித்துவிட்டு மறுபடி எழுதும். எழுத்தென்றால் முத்துக் கோர்த்த எழுத்து.

அந்தக் கொப்பியைத்தான் பையில் வைத்துக்கொண்டு, ஏப்ரலில், தெருவோரப் பனி கறுப்புச் சேறாக உருகிக்கொண்டிருந்த ஒரு நாளில், யோகராணி பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆவணி முடியத் தொடங்கப்போகும் மழலை வகுப்புக்குப் பிள்ளைகளை முன்கூட்டியே கூப்பிட்டுப் பார்க்கிறார்களாம்.

பார்த்தவள் மழலை வகுப்பு ஆசிரியை மதாம் ஜினெட். ஆள் பெரிய ஆள். குரல் அதைவிடப் பெரியது. அவள் சிரித்தபோது யோகராணி பழக்கதோஷத்தில் கதவைத் திரும்பிப் பார்த்தாள். மொழிபெயர்க்க மாதுரி என்ற பெண் வந்திருந்தாள். இந்தியாக்காரி, டொக்டர் வீட்டுப் பிள்ளை, யூனிவர்சிட்டியில் படிக்கிறாள்.

யோகராணி கொப்பியை எடுத்து நீட்டினாள். மதாம் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு பக்கம் முழுவதும் 'lait' என்ற ஒரே சொல், மேலிருந்து கீழ்வரை, ஒரு கோடு பிசகாமல். அதில் விரல் வைத்துப் பிள்ளையிடம் எதையோ கேட்டாள்.

"அது என்னன்னு கேக்கிறாங்கம்மா" என்றாள் மாதுரி. "நீ எழுதினது. என்ன அது?"

ஆர்த்திகா தாயைப் பார்த்தாள். தாய்க்கும் தெரியாது.

"பால்" என்றாள் மாதுரி மெதுவாக. "பரவாயில்ல ஆன்ட்டி."

மதாம் கொப்பியை மூடி ஒருபக்கம் வைத்தாள். எழுத்தே இல்லாத ஒரு படப்புத்தகத்தை விரித்தாள். ஒரு சிறுமி, ஒரு நாய், ஒரு சேற்றுக் குட்டை. அடுத்த பக்கத்தில் நாய் குட்டைக்குள். அதற்கடுத்ததில் சிறுமியின் வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு.

"என்ன நடந்துதுன்னு நீயே சொல்லு கண்ணா. தமிழ்லயே சொல்லு."

பிள்ளை பேசவில்லை.

"பிள்ளை, உந்த நாய் என்ன செய்துது? சொல்லம்மா" என்றாள் யோகராணி. அவள் குரலும் காற்றாகத்தான் வந்தது.

ஆர்த்திகாவின் உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. நாயின்மேல் விரலை வைத்தாள், பிறகு சேற்றின்மேல் வைத்தாள், பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மதாம் கைதட்டி ஒரு பாட்டுப் பாடிப் பார்த்தாள். பந்தை உருட்டி விட்டாள். ஆர்த்திகா பந்தைப் பிடித்து, உருண்டு சத்தம் எழாமல், கொண்டுபோய் மேசையில் வைத்தாள்.

பிறகு மதாம் நீண்டநேரம் பேசினாள். மாதுரி யோகராணியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஆன்ட்டி, பிரெஞ்சு தெரியாதது பிரச்சினையே இல்லையாம். இங்க பாதிப் பிள்ளைங்க அப்படித்தான் வராங்க. ஆனா அவங்க வீட்டு மொழியில நிறையப் பேசறாங்க. கதை தெரியும், பாட்டுத் தெரியும், சண்டை போடத் தெரியும். அதை வச்சுத்தான் இங்க படிக்கக் கத்துக்குடுப்பாங்க. உங்க பொண்ணுகிட்ட… எந்த மொழியும் போதுமான அளவு இல்லைன்னு சொல்றாங்க."

"அவளுக்குக் காது கேக்கும். டொக்டர் பாத்தவர்."

"தெரியும் ஆன்ட்டி. அதனாலதான் சொல்றாங்க. எழுத்து இப்ப வேணாமாம். பேசுங்க. காலையில எழுந்ததுலேர்ந்து தூங்கப் போறவரைக்கும் தமிழ்ல பேசுங்க. கத்தட்டும், பாடட்டும். பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னாடி திரும்பப் பாப்பாங்க. அப்பவும் இப்படியே இருந்தா…"

"இருந்தா?"

"வேற ஸ்கூல் ஆன்ட்டி. பேச்சு வராத பிள்ளைங்களுக்குன்னு தனி வகுப்பு. சின்ன பஸ் வந்து கூட்டிட்டுப் போகும்."

அந்தச் சின்ன பஸ்ஸை யோகராணி கண்டிருக்கிறாள். மஞ்சள் நிறம். ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டே போகிற ஒரு பிள்ளையையும் கண்டிருக்கிறாள். அந்த பஸ்ஸில் ஏறின பிள்ளை பிறகு பெரிய பஸ்ஸுக்கு மாறியதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

பின்னேரம் நகுலேஸ்வரன் எழும்பி முகம் கழுவிக்கொண்டு வரும்வரை அவள் காத்திருந்தாள். தேத்தண்ணியை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"கதைக்கேல்லை எண்டால் படிக்கேலாதாமோ?" என்றான். "உதென்ன புதுக்கதை? எங்களுக்கு ஆர் கதை சொல்லித் தந்தது? வாத்தியார் பிரம்போட நிண்டார், எழுதினம், படிச்சம்."

"உங்கட வீட்டில எத்தினை பேர்?"

"எட்டு."

"எட்டுப் பேரும் ஒரே நேரத்தில கத்திறனீங்கள் எண்டு உங்கட அக்காதான் சொன்னவ. எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான். கிணத்தடியில ஒரு சண்டை, குசினிக்குள்ள ஒரு சண்டை. என்னை வாயாடி எண்டுதானே கூப்பிடுறவை. நாங்கள் அந்தச் சத்தத்துக்குள்ளயே கிடந்து வளந்தனாங்கள். உவளுக்கு என்ன இருந்தது? மிஷின்ர சத்தம்."

அவன் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

"அப்ப நான் நித்திரை கொண்டதுதான் பிழை எண்டுறீர்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"வேற எப்பிடிச் சொன்னனீர்?"

மேசைக்குக் கீழே இருந்து ஆர்த்திகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய், யாரும் சொல்லாமலே, படுக்கையறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.

நகுலேஸ்வரன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அன்றைக்கே கீழே போய்ச் செபமாலையிடம் பகலில் படுக்க இடம் கேட்டான்.

செபமாலை கீழே பேஸ்மென்டில், நிலத்தடி அறையில், தனியாக இருப்பவன். பாசையூரில் கடல்தொழில் செய்தவன். இங்கே பகல் முழுவதும் ஒரு கிட்டங்கியில் பெட்டி ஏற்றுகிறான். பகலில் அவன் கட்டில் சும்மாதான் கிடக்கும்.

"இதென்ன கேள்வி தம்பி, வந்து படன்" என்றான். "என்ர கட்டிலும் ரெண்டு ஷிவ்ட் வேலை செய்யட்டும். கரையில இழுத்து விட்ட வள்ளம் மாதிரி அதுவும் சும்மாதானே கிடக்குது. மீன் வெடுக்கு மட்டும் தாங்கவேணும், சொல்லிப்போட்டன்."

இப்படித்தான் மே மாதம் பிறந்தபோது அந்த வீட்டில் பகல் விடுதலையானது. நகுலேஸ்வரன் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே போனதும், யோகராணி மிஷினை நிறுத்தினாள். பிள்ளையை மடியில் தூக்கி வைத்தாள். இனி என்ன வேண்டுமென்றாலும் கதைக்கலாம்.

வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

என்ன கதைப்பது? மரக்கறிக் கூடையை எடுத்து வைத்தாள். "இது வெங்காயம். இது கத்தரிக்காய். இது… இது கறிவேப்பிலை." பிள்ளை தலையாட்டியது. "சொல்லு, கத்தரிக்காய்." பிள்ளை தலையாட்டியது. விரல் மடக்கிப் பாடுகிற பாட்டொன்று நினைவு வந்து பாதியில் அறுந்துபோனது. கதையொன்றை, "ஒரு ஊரில ஒரு ராசா" என்று தொடங்கினாள். ராசாவுக்குப் பிறகு என்ன? அவளுடைய குரல் அந்த வெறும் அறையில் யாரோ பிறத்தியாரின் குரல்போலக் கேட்டது. ஊரில் வாயாடி என்று பெயர் எடுத்தவள், சைகை காட்டியே ஐந்து வருஷம் கடத்திவிட்டாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கைகள் கொலரைத் தேடின. கட்டுகள் குவிந்துகொண்டிருந்தன.

"நீ என்னடி செய்யிறாய்?" என்றாள் ஞானாம்பிகை. "போன கிழமைக் கட்டும் அப்பிடியே கிடக்கு. முதலாளி என்னைத்தான் பிடிச்சுத் திட்டுறான்."

"பிள்ளையோட கதைக்கச் சொன்னவை அக்கா."

"கதைக்கிறதுக்கு மிஷினை ஏன் நிப்பாட்டுவான்? கை தன்ரபாட்டில தைக்கட்டும், வாய் தன்ரபாட்டில கதைக்கட்டும்."

அப்படியும் செய்து பார்த்தாள். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசவேண்டுமென்றால் கத்தவேண்டும். அவள் கத்தினால் ஆர்த்திகா காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே ஒடுங்கிவிடுவாள்.

நகுலேஸ்வரனுக்குத்தான் ஒருநாள் கைகூடியது. ஆனி மாதம், வெக்கை தொடங்கியிருந்தது. அவன் பல்கனியில் பிள்ளையை முன்னால் இருத்தி, பேகல் சுடுகிற விதத்தை நடித்துக் காட்டினான். மாவை உருட்டினான். தண்ணீருக்குள் போட்டான். "தொபுக்!" என்றான். பலகையை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, "ஆ! ஆ! கை!" என்று முழங்கையை உதறிக்கொண்டு துள்ளினான்.

ஆர்த்திகா அந்தத் தழும்பைத் தொட்டாள்.

"சுடுதா?" என்றாள்.

மெல்லிய குரல்தான், கிட்ட இருந்தவருக்கு மட்டும் கேட்கிற குரல். ஆனால் குரல். யோகராணி குசினி வாசலில் அகப்பையோடு நின்று அழுதாள். அன்று செபமாலையைச் சாப்பிடக் கூப்பிட்டு இறால் குழம்பு வைத்தாள்.

"உனக்கென்னடி பிள்ளை, வாய் திறந்திட்டுது, இனி மூடச் சொல்லிக் கெஞ்சுவாய் பார்" என்றான் செபமாலை. எல்லாரும் சத்தமாகச் சிரித்தார்கள். பிள்ளை ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்தைப் பார்த்தது.

அந்த மாதம் முழுவதும் பின்னேரங்களில் பேகல் சுட்டார்கள். "தொபுக்" என்பதைப் பிள்ளை தானே சொல்லத் தொடங்கியது. ஒருநாள் "அப்பா, இன்னொருக்கா" என்றது.

ஆடி பிறந்ததும் ஊரில் ஆமி முகாமைவிட்டுச் சண்டைக்கு வெளிக்கிட்டுவிட்டது என்று செய்தி வந்தது. குண்டுவீச்சு, சனம் ஓடுகிறது என்றார்கள். அதற்குமேல் தெளிவாக ஒன்றும் இல்லை. நகுலேஸ்வரனின் தாய் தகப்பன் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. போன் போகாது. யாராவது கொழும்புக்கு வந்தால்தான் தெரியும். வீட்டில் வானொலியைக் காதோடு ஒட்டவைத்துக் கேட்டான். பேகல் சுடுகிற விளையாட்டு நின்றுபோனது. பிள்ளை வந்து பக்கத்தில் நின்றால், கையை உயர்த்தி, "பொறு, பொறு, செய்தி" என்பான்.

ஒரு மத்தியானம் கீழேயிருந்து அலறல் கேட்டது. யோகராணி படிகளில் ஓடினாள். பேஸ்மென்ட் கதவு திறந்து கிடக்க, நகுலேஸ்வரன் வெறும் மேலோடு தெருவில் நின்றான். வேர்த்து ஒழுகியது. எதிர்வீட்டு இத்தாலிக்காரக் கிழவர் தோட்டக் குழாயைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா? என்ன நடந்தது?"

"எனக்கு அங்க படுக்கேலாது ராணி."

"ஏன்?"

"நிலத்துக்குக் கீழ… கண்ணை மூடினால் பங்கருக்குள்ள கிடக்கிற மாதிரி இருக்கு. மேல மண் கொட்டுண்ணுது. நான் இவ்வளவு நாளும் அங்க நித்திரை கொள்ளேல்லை. ஒருநாளும் கொள்ளேல்லை. கண்ணை முழிச்சுக்கொண்டு கிடந்தனான்."

"சொல்லியிருக்கலாம்தானே?"

"என்னெண்டு சொல்லுவன்? பிள்ளை கதைக்கத் தொடங்கியிருந்தவள்."

அவனுடைய இரண்டு முழங்கைகளிலும் புதிய சூட்டுக் காயங்கள் இருந்ததை அவள் அந்த வெளிச்சத்தில்தான் கண்டாள். விளையாட்டில் காட்டியது பழைய தழும்பு. இவை அதற்குப் பிறகு வந்தவை. அவளே அவனைக் கைபிடித்து மேலே கூட்டிக்கொண்டு வந்து படுக்கவைத்தாள். ஜன்னல் துணியை இழுத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது ஆர்த்திகா வாசலில் நின்றாள். யோகராணிக்கு விரல் தானாகவே உதட்டுக்குப் போனது. போனபிறகுதான் தெரிந்தது. கையை இறக்கினாள்; அதற்குள் பிள்ளை மேசைக்குக் கீழே போய்விட்டது. மிஷினைப் போட்டாள்.

ஆவணியில் மறுபடி பள்ளிக்கூடம். புழுங்கி அவிந்த நாள். அதே மதாம் ஜினெட், அதே மாதுரி, அதே நாயும் குட்டையும். இந்தமுறை யோகராணி கொப்பி கொண்டுபோகவில்லை. வழி நெடுகப் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டு போனாள். "ரீச்சர் கேட்டால் சொல்லவேணும் என்ன? தொபுக் எண்டு சொல்லு. நாய் தண்ணிக்குள்ள தொபுக். சரியே?" பிள்ளை தலையாட்டியது.

மதாம் இந்தத் தடவை முழு மனதோடு வந்திருந்தாள். அவளே தரையில் உட்கார்ந்தாள். நாயாகக் குரைத்தாள். குட்டைக்குள் விழுந்தாள், சிறுமியாக அழுதாள், அறை அதிரச் சிரித்தாள். பிள்ளை அவளைக் கண்வெட்டாமல் பார்த்தது. கிட்டப் போனது. இன்னும் கிட்டப் போனது. யோகராணி கதிரை நுனிக்கு வந்தாள். சொல்லு பிள்ளை. சொல்லு.

பிள்ளை தன் சின்ன உள்ளங்கையை மெதுவாக மதாமின் வாயின்மேல் வைத்து மூடியது.

"அப்பா நித்திரை" என்றது.

மதாம் அசையவில்லை. மாதுரியைப் பார்த்தாள். மாதுரி பிரெஞ்சில் சொன்னாள். பிள்ளையின் கை வாயில் இருக்கும்போதே மதாமின் கண்கள் கலங்கின. ஆனால் எழும்பியதும் அவள் எழுதவேண்டியதைத்தான் எழுதினாள்.

"ஒரு வருஷம்தான் ஆன்ட்டி" என்றாள் மாதுரி. "அப்புறம் பாக்கலாம்னு சொல்றாங்க. பஸ் வீட்டு வாசலுக்கே வரும்."

"ஓம்" என்றாள் யோகராணி. "நன்றி, மெர்சி எண்டு சொல்லுங்கோ."

திரும்பி வரும் வழியில் தெப்பனர் என்கிற மூலைக்கடையில் ஒரு ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தாள். அது பிள்ளையின் கையில் உருகி வழிந்தது.

தூரத்திலேயே கண்டாள். நகுலேஸ்வரன் இரும்புப் படியின் அடியில், வெயிலுக்குள், இருந்தான். நித்திரை கொள்ளவில்லை. கண்கள் சிவந்திருந்தன. அவர்களைக் கண்டதும் எழும்பி, தெருவில் அவன் ஒருநாளும் எழுப்பாத குரலில், எதிர்வீட்டுக் கிழவரே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டான்.

"பிள்ளை! என்னம்மா சொன்னவை? அப்பாவுக்குச் சொல்லு! வா, வந்து சத்தமாய்ச் சொல்லு!"

யோகராணி இல்லையென்று தலையை மட்டும் அசைத்தாள்.

பிள்ளை தகப்பனின் முகத்தைப் பார்த்தது. சிவந்த கண்களைப் பார்த்தது. பிறகு குனிந்து, ஐஸ்பழக் குச்சியை வாயில் கவ்விக்கொண்டு, சப்பாத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் எடுத்தது. அவனைத் தாண்டி, நுனிக்காலில், வளைந்து வளைந்து போகும் அந்தப் படியில் ஏறத் தொடங்கியது.

இரண்டு பேரும் கீழே நின்றார்கள். ஒருவர் ஏறினால் தெரு முடக்குவரை கேட்கிற படி அது. பிள்ளை மேலே போய்க் கதவைத் திறந்து உள்ளே போனது. அவர்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.